துணை அதிபர் வேட்பாளர்: மாநிலம் தருபவரா, போட்டியாளரா, மூத்தவரா, புதுமுகமா?

2024 நவம்பருக்குப் பிறகு, அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களும் இங்கிருந்தே அந்தத் தேர்தலை விடாமல் கவனித்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். கமலா ஹாரிஸ் மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸுக்குப் பதிலாக பென்சில்வேனியா ஆளுநர் ஜாஷ் ஷாபிரோவைத் துணைக்குச் சேர்த்திருந்தால் ஜெயித்திருப்பாரா?

கணக்கு போட்டால் விடை உடனே கிடைக்கும். டிரம்புக்கு 312 எலக்டோரல் வாக்குகள் (மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட தேர்வாளர்களின் வாக்குகள்; அதிபரைத் தீர்மானிப்பவை இவையே), ஹாரிஸுக்கு 226. பென்சில்வேனியாவின் 19 வாக்குகளை அப்படியே ஹாரிஸ் பக்கம் தள்ளினாலும் 245தான் வருகிறது. வேண்டியதோ 270.

ஆனாலும் கேள்வி ஓயவில்லை. ஆளைச் சேர்த்தால் அவர் மாநிலமும் கூடவே வரும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. 2028-இல் இரு கட்சிகளிலும் யார் நின்றாலும் இதே தலைவலி அவர்களுக்குக் காத்திருக்கிறது. அதனால் ஒரு அதிபர் வேட்பாளர் முன்னால் இருக்கும் வழிகளை, நடந்த தேர்தல்களை வைத்தே எடைபோட்டுப் பார்க்கிறேன். அமெரிக்க ஆளுநரை நம் ஊர் ஆளுநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே அவர் மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர். நம் முதலமைச்சரின் இடம் அது.

## முதலில், எதை வைத்து அளப்பது?

நாளைக்கே அதிபர் நாற்காலியில் உட்கார இவரால் முடியுமா என்பதுதான் முதல் அளவுகோல். சம்பிரதாயத்துக்குக் கேட்பதில்லை. இதுவரை அதிபரான 45 பேரில் 9 பேர், முன்னவர் இறந்ததாலோ விலகியதாலோ துணைப் பதவியிலிருந்து நடுவழியில் மேலேறியவர்கள். ஐந்தில் ஒருவர். 1944-இல் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை மோசம் என்று கட்சிப் பெரியவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சிகாகோ மாநாட்டில் ஹென்றி வாலஸை இறக்கிவிட்டு ஹாரி ட்ரூமனை ஏற்றினார்கள். ஏற்றியதோடு சரி, அவரை யாரும் தயார்படுத்தவில்லை. 82 நாள் துணை அதிபராக இருந்தார். 1945 ஏப்ரல் 12 மாலை அதிபராகப் பதவியேற்ற பிறகுதான், இதுவரை இல்லாத ஒரு குண்டு உருவாகிறது என்பதைப் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் அவரிடம் சொன்னார். முழு விவரம் கைக்கு வந்தது ஏப்ரல் 25-இல். ஆகஸ்டில் அது ஹிரோஷிமா மீது விழுந்துவிட்டது.

இரண்டாவது, ஓட்டு. சேர்த்துத் தருவாரா என்பதைவிட, இருப்பதைக் கெடுக்காமல் இருப்பாரா என்று கேட்பதே சரி.

மூன்றாவது, பின்னணியைத் துருவிப் பார்த்தாயிற்றா? 1972-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன், கேட்ட பலர் மறுத்துவிட்டதால் கடைசி நேரத்தில் மிசௌரி செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்) தாமஸ் ஈகிள்டனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். மறைக்க ஏதாவது உண்டா என்று உதவியாளர் கேட்டதற்கு இல்லை என்றே பதில் வந்தது. மாநாடு முடிந்து சில நாட்களில், 1960-களில் மன அழுத்தத்துக்காக அவர் மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் மின் அதிர்ச்சி சிகிச்சை பெற்றதும் வெளியே வந்தது. நூற்றுக்கு ஆயிரம் பங்கு அவர் பக்கம் நிற்கிறேன் என்றார் மெக்கவர்ன். சில நாட்களிலேயே விலகச் சொன்னார். மொத்தம் 18 நாள். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டது குற்றமே அல்ல, அன்றைக்கும் அது குற்றம் அல்ல. முன்பே தெரிந்திருந்தால் மெக்கவர்ன் அதை நாட்டுக்கு எடுத்துச் சொல்லி, ஆள் பக்கம் உறுதியாக நின்றிருக்கலாம். தெரியாமல் போனதால் ஈகிள்டனும் அவமானப்பட்டார், மெக்கவர்னின் சொல்லுக்கும் மதிப்பு போயிற்று. அந்தத் தேர்தலில் அவர் 49 மாநிலங்களில் தோற்றார்.

நான்காவது, அவர் காலி செய்யும் இடம். செனட்டர் ஒருவர் துணை அதிபரானால், பல மாநிலங்களில் அந்த இடத்துக்கு ஆளுநரே தற்காலிகமாக ஒருவரை நியமிப்பார். ஆளுநர் எதிர்க்கட்சிக்காரர் என்றால் ஒரு செனட் இடம் கைவிட்டுப் போகும். 2000-இல் அல் கோர் ஜெயித்திருந்தால், அவர் துணைக்கு நின்ற செனட்டர் ஜோ லீபர்மனின் இடத்தை கனெக்டிகட்டின் குடியரசுக் கட்சி ஆளுநர்தான் நிரப்பியிருப்பார். செனட் அப்போது 50-க்கு 50 என்று நின்றது.

ஐந்தாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: இவர்தான் கட்சியின் அடுத்த முகம். மொண்டேல், மூத்த புஷ், கோர், பைடன், ஹாரிஸ் எல்லோரும் துணைப் பதவி வழியாக வந்து பின்னால் அதிபர் வேட்பாளர் ஆனவர்கள்.

## வழி 1: மாநிலம் கொண்டுவருபவர்

இதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி 1960. மாசசூசெட்ஸ்காரரான ஜான் கென்னடி, டெக்சாஸின் லிண்டன் ஜான்சனைச் சேர்த்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ட்மோர் ஹோட்டலில் இருவரும் தங்கியிருந்தார்கள். கென்னடிக்கு இரண்டு மாடி கீழே ஜான்சன். தொழிற்சங்கத் தலைவர்கள் கொதித்தார்கள். தம்பி ராபர்ட் கென்னடி திரும்பத் திரும்பப் படியிறங்கிப் போய், ஜான்சன் தானாகவே ஒதுங்கிக்கொள்வாரா என்று பார்த்தார். ஜான்சன் ஒதுங்கவில்லை. அந்த மதியம் இருவருக்கும் இடையில் விழுந்த பகை கடைசிவரை ஆறவே இல்லை.

பலன் கிடைத்ததா? டெக்சாஸைச் சுமார் 46,000 ஓட்டு வித்தியாசத்தில் கென்னடி பிடித்தார். ஆனால் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அவருக்குக் கிடைத்தவை 303 எலக்டோரல் வாக்குகள். அன்றைக்கு வேண்டியவை 269. டெக்சாஸின் 24 போயிருந்தாலும் 279 மிஞ்சும். ஜான்சன் ரயிலேறித் தெற்கு முழுவதும் சுற்றியதால் கரோலினாக்கள் இரண்டும் தங்கின என்று சேர்த்துக் கணக்கிட்டால்தான் அவர் இல்லாமல் வெற்றி இல்லை என்று ஆகும். அதாவது ஜான்சன் கொடுத்தது ஒரு மாநிலத்தை அல்ல, ஒரு வட்டாரத்தின் நம்பிக்கையை. கத்தோலிக்கரான வடக்கத்தி இளைஞரை எங்கள் ஆள் ஒருவர் தாங்கிப் பிடிக்கிறார் என்று தெற்கு பார்த்தது.

இதே கணக்கை 1988-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாக்கிஸ் போட்டுப் பார்த்தார். அவரும் மாசசூசெட்ஸ், துணைக்கு டெக்சாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சன். எதிரில் நின்ற மூத்த புஷ்ஷும் டெக்சாஸ்காரர். டெக்சாஸ் சட்டப்படி பென்ட்சன் அதே நாளில் தன் செனட் இடத்துக்கும் போட்டியிட்டார். ஒரே வாக்குச்சீட்டு, ஒரே வாக்காளர். பென்ட்சனைப் பெரிய வித்தியாசத்தில் செனட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் துணைக்கு நின்ற ஜோடியைத் தோற்கடித்தார்கள் டெக்சாஸ் மக்கள். இந்த வழியைப் பற்றிப் பேசும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். 2004-இல் எட்வர்ட்ஸ் வட கரோலினாவைத் தரவில்லை. 2012-இல் பால் ரயன் விஸ்கான்சினைத் தரவில்லை. மக்கள் அதிபருக்கு ஓட்டுப் போடுகிறார்கள், துணைக்கு அல்ல.

மறைந்திருக்கும் செலவு: ஒரு மாநிலத்துக்காகச் சேர்த்த ஆளோடு நான்கு வருடம் குடித்தனம் நடத்த வேண்டும். ஜான்சனுக்கு உள்வட்டத்தில் இடமே தரப்படவில்லை. செனட்டை ஆட்டிப்படைத்த அந்த மனிதர் மூன்று வருடம் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

பொருந்தும் இடம்: போட்டி மயிரிழையில் இருக்க வேண்டும், அவர் அந்த வட்டாரத்தில் உண்மையிலேயே செல்வாக்குள்ளவராக இருக்க வேண்டும், முதல் அளவுகோலிலும் தேற வேண்டும். ஜான்சன் மூன்றிலும் தேறினார்.

## வழி 2: தோற்ற போட்டியாளர், அல்லது மறுதரப்பு ஆள்

உட்கட்சித் தேர்தலில் முட்டி மோதியவரையே பக்கத்தில் உட்கார வைப்பது. கட்சி பிளந்து கிடந்தால் இதற்கு நிகரான மருந்து இல்லை. நான்கில் அதிகப் பலன் தரக்கூடியதும், தவறினால் அதிகச் சேதம் செய்வதும் இதுதான்.

நன்றாக அமைந்ததை முதலில் சொல்கிறேன். 1980 உட்கட்சிப் போட்டியில் ரீகனின் வரிக்குறைப்புத் திட்டத்தைப் பில்லிசூனியப் பொருளாதாரம் என்று கிழித்தவர் ஜார்ஜ் புஷ். டெட்ராய்ட் மாநாட்டில் முன்னாள் அதிபர் ஃபோர்டைத் துணைக்குச் சேர்க்கும் பேச்சு நடந்து, அதிகாரத்தைப் பங்குபோடும் அளவுக்குப் போய் முறிந்தது. அன்றிரவே ரீகன் புஷ்ஷை அழைத்தார். 1981 மார்ச் 30, பதவியேற்று 69-ஆம் நாள், ரீகன் சுடப்பட்டார். டெக்சாஸிலிருந்து விரைந்து திரும்பிய புஷ்ஷிடம், ஹெலிகாப்டரை நேராக வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இறக்கலாம் என்றார்கள். அங்கே இறங்குகிறவர் அதிபர் மட்டும்தான் என்று மறுத்து, தன் வீட்டில் இறங்கி, காரில் போனார். போன வருடம் வரை போட்டியாளராக இருந்தவர். ஒரு துணை அதிபரின் தகுதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி மறுபக்கம். 1864, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. லிங்கனுக்கே தன் வெற்றியில் நம்பிக்கை இல்லை. பால்டிமோர் மாநாடு, துணை அதிபராக இருந்த மெய்ன் மாநில ஹானிபல் ஹாம்லினை இறக்கிவிட்டு, டென்னசியின் ஆண்ட்ரூ ஜான்சனைப் போட்டது. பிரிந்துபோன மாநிலங்களின் செனட்டர்களில் ஒன்றியத்தோடு நின்ற ஒரே ஆள். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர். ஒற்றுமைக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது என்றே அன்றைக்கு எல்லோரும் நினைத்திருப்பார்கள். தேர்தல் முடிவு 212-க்கு 21. ஜான்சன் இல்லாமலே ஜெயித்திருக்கலாம்.

1865 ஏப்ரல் 15-இல் லிங்கன் இறந்தார். அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்த சுமார் 40 லட்சம் பேரின் எதிர்காலம், அவர்களைச் சமமாக மதிக்காத ஒருவர் கைக்குப் போனது. போரின்போது தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில் அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பித் தர ஜான்சன் உத்தரவிட்டார். அந்த அக்டோபரில், போரில் ஒரு கையை இழந்த ஜெனரல் ஹோவர்ட், எடிஸ்டோ தீவுத் தேவாலயத்தில் கூடியிருந்த மக்களிடம் இதைச் சொல்லப் போனார். கூட்டம் கொந்தளித்தது. ஒரு பெண் துயரப் பாட்டு ஒன்றை எடுக்க, எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். உழுது விதைத்த நிலம் அது. 1866-இல் குடிமை உரிமைகள் மசோதாவையும் ஜான்சன் தடுத்தார். நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. 1868-இல் பதவி நீக்க விசாரணையில் ஒரே ஓட்டில் தப்பித்தார். ஒரு மாநாட்டில் போட்ட சமநிலைக் கணக்கு எங்கேபோய் முடியும் என்று கேட்பவர்கள் அந்தத் தேவாலயத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒரு கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது. போட்டியாளர் வேறு, கொள்கையில் எதிராளி வேறு. புஷ்ஷுக்கும் ரீகனுக்கும் இருந்தது வழி பற்றிய சண்டை. லிங்கனுக்கும் ஜான்சனுக்கும் இருந்தது, விடுதலை பெற்றவர்கள் யார் என்பதைப் பற்றிய வேறுபாடு.

2020-இல் பைடன் கமலா ஹாரிஸை எடுத்ததும் இந்த வழிதான். 2019 ஜூன் விவாத மேடையில், பள்ளிப் பேருந்துகள் மூலம் இனப்பிரிவினையை ஒழிக்கும் திட்டம் பற்றி அவரைக் கடுமையாகச் சாடியவர் ஹாரிஸ். அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் பைடன் அழைத்தார். ஏற்புரையில் ஹாரிஸ் 'சித்தி' என்று சொன்னபோது, நம்மில் எத்தனை பேர் காதை நம்பாமல் திரும்பக் கேட்டோம்! அவர் தாத்தா ஊரான, மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம் கோயிலில் நன்கொடையாளர் கல்லில் அவர் பெயரும் இருக்கிறது. அந்தப் பாசத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் தேர்வு அளவுகோல்களில் தேறுகிறது. மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர், செனட்டர் என்ற அனுபவம் இருந்தது. கலிஃபோர்னியாவில் அவர் செனட் இடத்தை நிரப்பியவரும் சொந்தக் கட்சி ஆளுநரே. செனட்டில் ஓட்டுகள் சரிசமமாக நின்றபோதெல்லாம் அவர் போட்ட 33 முடிவு ஓட்டுகள், துணை அதிபர்களில் யாரும் போடாத எண்ணிக்கை. 2024 ஜூலை 21-இல் பைடன் விலகியதும், 2020-இல் எடுத்த அந்த முடிவே கட்சியின் வேட்பாளரையும் முடிவு செய்துவிட்டது.

## வழி 3: ஆளத் தெரிந்த மூத்தவர்

முதல் தவணை செனட்டரான ஒபாமா, கிட்டத்தட்ட 36 வருட செனட் அனுபவமும் வெளியுறவுக் குழுத் தலைமையும் இருந்த பைடனை எடுத்தார். டெலவேரின் 3 எலக்டோரல் வாக்குகளுக்காக அல்ல. இளைய புஷ் டிக் செனியை எடுத்ததும் அப்படியே, வயோமிங்குக்கும் 3தான். செனி கதையில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 12-ஆம் திருத்தத்தின்படி, ஒரு மாநிலத் தேர்வாளர்கள் தங்கள் மாநிலத்தார் இருவருக்கும் சேர்த்து வாக்களிக்க முடியாது. புஷ், செனி இருவரும் டெக்சாஸ்வாசிகள். 2000 ஜூலையில் செனி தன் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். புஷ் பெற்றவை வெறும் 271; டெக்சாஸின் 32 இல்லாமல் செனி தேறியிருக்க மாட்டார்.

செலவும் செனியிடமே தெரிகிறது. துணைக்கு ஆள் தேடும் குழுவின் தலைவராக இருந்தவர் அவர். கடைசியில் அவரே ஆள் ஆனார். எல்லோரையும் அலசியவரை அலச யாரும் இல்லை. மூத்தவருக்குச் சொந்தமாக ஒரு அதிகார மையம் உருவாகிவிடலாம். கட்சிக்கு வாரிசும் கிடைக்காது. செனி 2008-இல் நிற்கவில்லை.

பொருந்தும் இடம்: வேட்பாளர் இளையவர், வாஷிங்டனுக்குப் புதியவர், வெளியுறவு அனுபவம் குறைந்தவர் என்றால் இதுவே முதல் தேர்வு.

## வழி 4: புதுமுகம்

பின்தங்கிய வேட்பாளருக்கு இது ஆசை காட்டும். 2008 ஆகஸ்ட் 28-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் தன் பண்ணையில் சாரா பேலினைச் சந்தித்துப் பேசினார். 29-ஆம் தேதி ஓஹையோவின் டேட்டனில் மேடையேற்றினார். அலாஸ்கா ஆளுநராக அவருக்கு இரண்டு வருடம்கூட முடியவில்லை. கூட்டம் திரண்டது, கருத்துக்கணிப்பும் ஏறியது. பிறகு தொலைக்காட்சிப் பேட்டிகள் வந்தன. ஒபாமாவுக்கு அனுபவம் இல்லை என்று அதுவரை பேசிவந்த 72 வயது மெக்கெய்னால் அதற்குப்பின் அதைப் பேச முடியவில்லை. தோல்விக்குக் காரணம் பேலின் மட்டும் அல்ல. செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் விழுந்த பிறகு ஆளுங்கட்சிக்காரர் எவரும் தேறியிருப்பது கடினம்.

ஜெரால்டின் ஃபெராரோவை இதே பட்டியலில் போட்டுக் கடந்துவிட எனக்கு மனமில்லை. 1984-இல் மொண்டேல் அவரை எடுத்தார். பெரிய கட்சி ஒன்றின் ஜோடியில் நின்ற முதல் பெண். கணவரின் தொழில் கணக்குகளை முன்பே முழுதாகப் பார்க்காததால் ஆகஸ்ட் மாதம் முழுக்க அதற்குப் பதில் சொல்வதிலேயே கழிந்தது. 49 மாநிலங்களில் தோல்வி. ஆனால் பொருளாதாரம் ஏறுமுகமாக இருந்த அந்த வருடத்தில் ரீகனை யார் துணைக்கு நின்றிருந்தாலும் வென்றிருக்க முடியாது. 36 வருடம் கழித்து ஹாரிஸ் ஜெயித்த பாதையை முதலில் நடந்தவர் ஃபெராரோ.

இன்னொரு வழியும் உண்டு: தன்னைப் போலவே ஒருவர். 1992-இல் 45 வயது கிளின்டன், பக்கத்து மாநிலத்து 44 வயது கோரை எடுத்து ஜெயித்தார். ஓஹையோ ஏற்கனவே கைக்குள் இருக்க, டிரம்ப் அந்த மாநிலத்தின் 39 வயது வான்ஸை எடுத்ததும் இந்த வகையே. சொல்ல வந்த செய்தி வலுவாக இருக்கும்போது இது எடுபடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | கிடைப்பது | மறைந்திருக்கும் செலவு | எப்போது சரி |
|---|---|---|---|
| மாநிலம் தருபவர் | பெரும்பாலும் சொற்பம். அபூர்வமாக ஒரு வட்டாரம் | நான்கு வருடம் ஒட்டாத உறவு | மயிரிழைப் போட்டி, உண்மையான செல்வாக்கு |
| போட்டியாளர் | கட்சி ஒன்றுசேரும். ஏற்கனவே ஊர் அலசிய ஆள் | கொள்கை எதிராளி என்றால் ஆட்சியே திசைமாறும் | கட்சி பிளந்து, கொள்கை ஒத்திருக்கும்போது |
| மூத்தவர் | முதல் நாளிலிருந்தே ஆட்சிக்குத் துணை | தனி அதிகார மையம், வாரிசு இல்லாமை | இளைய, புதிய வேட்பாளர் |
| புதுமுகம் | சில வாரக் கவனம், சில சமயம் வரலாற்றுத் திறப்பு | அலசாத பின்னணி, தயாரில்லாத ஆள் | மாதக்கணக்கில் தயார்படுத்த நேரம் இருந்தால் மட்டும் |

## என்னிடம் கேட்டால்

வேட்பாளர் இளையவர் என்றால் மூத்தவரை எடுக்கச் சொல்வேன். வேட்பாளரே அனுபவசாலி, கட்சி மட்டும் பிளந்து கிடக்கிறது என்றால், கொள்கையில் அருகில் இருக்கும் போட்டியாளரை எடுக்கச் சொல்வேன். உட்கட்சித் தேர்தலில் பத்திரிகைகளும் எதிரணியும் அவரைத் துருவி முடித்திருப்பார்கள்; ஈகிள்டனுக்கு நேர்ந்ததுபோல நேரும் வாய்ப்பு குறைவு. இருவர் சமமாக நின்றால் அப்போது மாநிலத்தைப் பார்க்கலாம், அதற்கு முன் வேண்டாம். புதுமுகத்தை அவசரத்தில் எடுக்கவே கூடாது.

ஹாரிஸுக்கு 2024-இல் கிடைத்தது 16 நாள். அந்த அவகாசத்தில், ஆளுநராகவும் அதற்குமுன் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த வால்ஸை எடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஷாபிரோவும் அதே தரத்து ஆள்தான். அவர் வந்திருந்தாலும் 245-க்கு மேல் ஏறியிருக்காது.

நேரம் இருப்பவர்களுக்கு நல்ல முன்மாதிரி 1976-இன் ஜிம்மி கார்ட்டர். சாத்தியமுள்ளவர்களில் சிலரை ஒவ்வொருவராக ஜார்ஜியாவில் தன் ஊரான பிளெயின்ஸுக்கு வரவழைத்து மணிக்கணக்கில் பேசினார். மொண்டேல் அதற்கெனப் படித்துத் தயாராகி வந்தார். ஜெயித்த பிறகு, துணை அதிபர் என்ன வேலை செய்ய வேண்டும் என்று ஒரு குறிப்பே எழுதிக் கொடுத்தார். கார்ட்டர் ஏற்றுக்கொண்டார். வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியில், அதிபரின் அலுவலகத்திலிருந்து சில எட்டுத் தூரத்தில், அதுவரை எந்தத் துணை அதிபருக்கும் தராத ஓர் அறை மொண்டேலுக்குக் கிடைத்தது. வாரம் ஒருமுறை இருவரும் தனியாக மதியச் சாப்பாடு. அதிபர் மேசைக்கு வரும் ரகசியக் கோப்புகள் அவர் மேசைக்கும் வந்தன.